பெயரா, வினையா? தமிழ்ச் சொல்வகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் தமிழ் இலக்கணம் சொல்லித் தருகிறேன். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் துணைக்கு அழைக்கும். அதனால் முதல் முறை வரிசையாகப் படிப்பது நல்லது.

1. சொல் மொத்தம் எத்தனை வகை?

நான்கு: பெயர்ச்சொல், வினைச்சொல், இடைச்சொல், உரிச்சொல். தொல்காப்பியம் முதலில் சொல் என்பது பெயர், வினை என இரண்டுதான் என்கிறது. இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அந்த இரண்டைச் சார்ந்து தோன்றும் என்று அதற்கடுத்துத்தான் சொல்கிறது. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. ஒரு தொடரில் பெயரையும் வினையையும் பிடித்துவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது.

2. ஒரு சொல்லைப் பார்த்ததும் பெயரா வினையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பொருளை வைத்துத் தேடாதீர்கள். 'செயலைக் குறித்தால் வினை' என்று மனப்பாடம் செய்தவர்கள் 'ஓட்டம்', 'சிரிப்பு', 'படிப்பு' எல்லாவற்றையும் வினை என்று எழுதிவிடுகிறார்கள். மூன்றும் பெயர்.

இரண்டு சோதனை போதும். முதலாவது, ஐ, ஆல், கு போன்ற வேற்றுமை உருபைச் சேர்த்துப் பாருங்கள். ஓட்டத்தை, சிரிப்பால், படிப்புக்கு என்று ஒட்டினால் அது பெயர். இரண்டாவது, காலம் காட்டுகிறதா என்று பாருங்கள். ஓடினான், ஓடுகிறான், ஓடுவான் என்று நேற்றும் இன்றும் நாளையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே தெரிந்தால் அது வினை. 'ஓடினானை' என்று யாரும் பேசுவதில்லை, 'ஓட்டம்' என்பதில் நேற்றும் இல்லை நாளையும் இல்லை. இரண்டு சோதனையிலும் தேறும் சொல் ஒன்று உண்டு. அது ஒன்பதாம் கேள்வியில் வருகிறது.

3. வெறும் 'படி'ன்னு கொடுத்தா என்ன எழுதறது?

தொடரைக் கேளுங்கள். 'படி ஏறினான்' என்றால் பெயர். 'பாடத்தைப் படி' என்றால் ஏவல் வினை. 'ஒரு படி அரிசி' என்றால் அளவைக் குறிக்கும் பெயர். 'சொன்னபடி செய்' என்றால் அது தனித்து நிற்காமல் 'சொன்ன' என்பதைச் சார்ந்து இடைச்சொல்லின் வேலையைச் செய்கிறது. ஒரே எழுத்துக்கூட்டு, நான்கு இடம். சொல்வகை சொல்லோடு பிறந்ததில்லை, தொடரில் அது செய்யும் வேலையால் அமைவது. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவதும் இதைத்தான்.

4. இங்கிலீஷ்ல எட்டு வகை சொல்லித் தர்றாங்க. தமிழ்ல நாலுன்னா மீதி நாலு எங்க போச்சு?

எங்கும் போகவில்லை, வேறு அறைகளில் இருக்கின்றன. அங்கே பெயருக்குப் பதிலாக வரும் அவன், அவள், நான் போன்றவற்றைத் தனி வகையாக வைக்கிறார்கள். நாம் அவற்றையும் பெயர் என்கிறோம். உருபு ஏற்கின்றனவே, அவனை, எனக்கு என்று! அங்கே 'இன்', 'டு', 'வித்' என்று பெயருக்கு முன்னால் தனிச்சொல்லாக வருபவை இங்கே இல், கு, ஓடு என்று பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் இடைச்சொற்கள். 'அண்ட்' இங்கே 'உம்'. 'ஐயோ', 'அடடா' போன்றவையும் இடைச்சொல்லில் அடங்கும்.

பெயருக்கு அடை, வினைக்கு அடை என்று அங்கே உள்ள இரண்டும்தான் குழப்பம் தருபவை. தமிழில் அவை பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அடுத்த இரண்டு கேள்விகளும் அதைப் பற்றியவை. இங்கிலீஷ் வகையை அப்படியே தமிழ்மேல் கவிழ்த்தால் இரண்டு மொழியுமே புரியாமல் போகும். பெற்றோர் வீட்டில் சொல்லித் தரும்போது இதில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.

5. 'நேற்று', 'நாளை' எல்லாம் எப்ப நடந்ததுன்னு வினையைத்தானே விளக்குது? பெயர்னு ஏன் சொல்றாங்க?

உருபைச் சேர்த்துப் பாருங்கள். 'நேற்றிலிருந்து காய்ச்சல்', 'இன்றோடு சரி', 'நாளைக்கு வா'. ஒட்டுகிறது, ஆகவே பெயர். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று பெயர்ச்சொல் ஆறு. இவை அவற்றில் காலப்பெயர். 'நேற்று வந்தான்' என்னும்போது அந்தப் பெயர் வினைக்கு அடையாக வேலை பார்க்கிறது, அவ்வளவுதான்.

6. 'நல்ல', 'பெரிய', 'சிவப்பு' மூணும் ஒரே வகைதானே?

இல்லை. 'சிவப்பை', 'சிவப்பில்' என்று சொல்லலாம். 'நல்லவை' என்றால் வேறு சொல்லாகிவிடுகிறது, 'நல்ல' என்பதோடு ஐ, ஆல், கு எதுவுமே ஒட்டாது. ஆகவே சிவப்பு பண்புப்பெயர். நல்ல, பெரிய, சிறிய, புதிய ஆகியவை குறிப்புப் பெயரெச்சங்கள். அதாவது பெயரைக் கொண்டு முடிபவை, ஆனால் காலத்தை வெளிப்படையாகக் காட்டாதவை. இக்காலப் புத்தகங்கள் சிலவற்றில் இவற்றைப் பெயரடை என்று எழுதியிருக்கும். அதுவும் சரிதான், தேர்வில் எந்தப் பெயரைக் கேட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

'அழகு' பெயர். அதோடு 'ஆன' சேர்ந்தால் 'அழகான', பெயரை நோக்கிப் போகும். 'ஆக' சேர்ந்தால் 'அழகாக', வினையை நோக்கிப் போகும். இந்த இரண்டையும் மனதில் வையுங்கள், கடைசிக் கேள்வியில் தேவைப்படும்.

7. முற்று, பெயரெச்சம், வினையெச்சம் மூணும் எனக்கு எப்பவும் மாறிடுது.

சொல்லை உரக்கச் சொல்லி நிறுத்துங்கள். 'வந்தான்.' கேட்பவர் மேலே எதுவும் எதிர்பார்க்கவில்லை. அது முற்று. 'வந்த...' என்று நிறுத்தினால் 'வந்த யார்? வந்த எது?' என்று கேட்கத் தோன்றும். விடை ஒரு பெயர்: வந்த பையன், வந்த கடிதம். அது பெயரெச்சம். 'வந்து...' என்று நிறுத்தினால் 'வந்து என்ன செய்தான்?' என்று கேட்கத் தோன்றும். விடை ஒரு வினை: வந்து உட்கார்ந்தான். அது வினையெச்சம். எச்சம் என்றாலே மிச்சம் இருக்கிறது என்றுதான் பொருள்.

இடையில் வேறு சொற்கள் புகுந்தால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். 'வந்து அந்தப் பழைய நாற்காலியில் உட்கார்ந்தான்' என்பதில் 'வந்து' என்பதற்கு அடுத்து நிற்பது 'அந்த'. ஆனால் அது போய் முடியும் இடம் 'உட்கார்ந்தான்'. பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்க்காமல், எதில் முடிகிறது என்று பாருங்கள். 'வர', 'வந்தால்', 'வராமல்' ஆகியவையும் வினையில் முடிபவை, எனவே வினையெச்சங்கள். 'வராத' என்பது எதிர்மறைப் பெயரெச்சம்.

8. 'பாடும்' எச்சமா, முற்றா?

நிற்கும் இடம் சொல்லும். 'பாடும் பறவை' என்றால் பெயரெச்சம். 'பறவை பாடும்' என்றால் முற்று. தனியாகக் கொடுத்துக் கேட்டால் இரண்டையும் எழுதி, தொடரோடு காட்டுங்கள்.

9. தொழிற்பெயருக்கும் வினையாலணையும் பெயருக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுமே வினையிலிருந்துதானே வருது?

தொழிற்பெயர் அந்தச் செயலுக்கு இட்ட பெயர்: பாடுதல், பாட்டு, ஓட்டம், வருகை, கொல்லாமை. வினையாலணையும் பெயர் அந்தச் செயலைச் செய்த ஆளுக்கோ பொருளுக்கோ உரிய பெயர்: பாடியவள், ஓடுபவன், வராதவர், கிழிந்தது. 'பாடுதல்' யாரையும் குறிப்பதில்லை. 'பாடியவள்' என்றதும் ஒருத்தி கண்முன் நிற்கிறாள்.

இரண்டாம் கேள்வியில் சொன்ன இரண்டு சோதனையிலும் தேறும் சொல் இந்த வினையாலணையும் பெயர்தான். பாடியவள், பாடுகிறவள், பாடுபவள் என்று காலமும் காட்டும். பாடியவளை, பாடியவளுக்கு என்று உருபும் ஏற்கும். வினையின் காலத்தையும் பெயரின் உருபையும் ஒருசேரச் சுமப்பதால்தான் அதற்கு அந்த நீளமான பெயர்.

தொழிற்பெயர் விகுதி (தல், கை போல வேருக்குப் பின் சேரும் பகுதி) இல்லாமலும் வரும் என்பதை மறந்துவிடாதீர்கள். 'முதுகில் அடி விழுந்தது' என்பதில் அடி முதனிலைத் தொழிற்பெயர், அதாவது வேரே பெயராக நிற்பது. 'கெடு' நீண்டு 'கேடு' ஆனதும், 'பெறு' நீண்டு 'பேறு' ஆனதும் முதனிலை திரிந்த தொழிற்பெயர்.

10. அப்போ 'வந்தது' என்ன வகை? ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொண்ணு போட்டிருக்கு.

புத்தகங்களின் மேல் குற்றமில்லை. 'வந்தது' உண்மையாகவே மூன்று வேலை செய்யும்.

'பேருந்து வந்தது.' இதில் முற்று. 'வந்தது பசு, போனது கன்று.' இதில் வந்த விலங்கைக் குறிக்கிறது, வினையாலணையும் பெயர். 'அவன் வந்தது எனக்குத் தெரியாது.' இதில் வந்த பொருள் எதையும் குறிக்கவில்லை, அவன் வந்த செயலையே குறிக்கிறது. ஆகவே தொழிற்பெயர். 'வந்தது' இருக்குமிடத்தில் 'வந்த விஷயம்' என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் தொழிற்பெயர். 'வந்த விலங்கு', 'வந்த பொருள்' என்று போட்டால்தான் பொருந்தும் என்றால் வினையாலணையும் பெயர்.

'தொழிற்பெயர் காலம் காட்டாது என்று படித்தோமே?' என்று உடனே கேட்பார்கள். நல்ல கேள்வி. தல், அல், கை போன்ற விகுதிகளைப் பெற்றவை காட்டா. 'து' பெற்ற இந்த வடிவம் வந்தது, வருவது என்று காலம் காட்டும். இக்கால இலக்கணத்தில் இதைக் காலம் காட்டும் தொழிற்பெயர் என்று தனியே பிரிக்கிறார்கள். அந்தப் பிரிப்பு தெளிவானது, நானும் அப்படித்தான் சொல்லித் தருகிறேன்.

11. டிஎன்பிஎஸ்சியில வேர்ச்சொல் கொடுத்து வினைமுற்று, வினையெச்சம், வினையாலணையும் பெயர், தொழிற்பெயர் எழுதச் சொல்றாங்க. வேர்ச்சொல்லே பிடிபடலையே?

ஒருவனை நேரே நிறுத்தி 'நீ' என்று விளித்து ஏவிப் பாருங்கள். வருகிறான் என்பவனிடம் 'நீ வா' என்போம், 'நீ வரு' என்று சொல்வதில்லை. வேர் வா. தந்தான் என்றால் தா. கண்டான் என்றால் காண். நின்றான் என்றால் நில். கேட்டான் என்றால் கேள். பேச்சில் அவ்வளவாகக் கட்டளையாக வராதவைதான் ஆளை மடக்கும்: வெந்தது என்பதன் வேர் வே, நொந்தான் என்பதன் வேர் நோ.

வேர் கிடைத்துவிட்டால் ஏழாம், ஒன்பதாம் கேள்விகளில் சொன்னதை வரிசையாக ஓட்டுங்கள். கேள்: கேட்டான், கேட்ட, கேட்டு, கேட்டவன், கேட்டல். தா: தந்தான், தந்த, தந்து, தந்தவன், தருதல்.

12. இடைச்சொல்னா அர்த்தமே இல்லாத சொல்லா?

தனியாக நிற்காது என்றுதான் சொல்ல வேண்டும். பெயரோடும் வினையோடும் சேர்ந்த பிறகு அது செய்யும் வேலை சிறியதன்று. 'நானும் வருவேன்' என்றால் வேறு யாரோ வருகிறார்கள் என்று தெரிகிறது. 'இரவும் பகலும்' என்றால் எண்ணுகிறது. 'அனைவரும் வந்தனர்' என்றால் ஒருவரும் மிச்சமில்லை. 'ஆசிரியருக்கும் விடை தெரியவில்லை' என்றால் அவருக்கே தெரியாத அளவு கடினம். ஓர் 'உம்' இத்தனை பேசுகிறது.

'தான்' என்பதையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'கண்ணன்தான் கடிதத்தைக் கிழித்தான்' என்பதில் அது இடைச்சொல், வேறு யாருமில்லை என்று அழுத்துகிறது. 'கண்ணன் தான் எழுதிய கடிதத்தைக் கிழித்தான்' என்பதில் 'தான்' என்பது கண்ணனையே திரும்பச் சுட்டும் பெயர், 'தன்னை', 'தனக்கு' என்று உருபும் ஏற்கும். இடைச்சொல்லைச் சேர்த்து எழுதுங்கள், பெயரை விட்டு எழுதுங்கள். அந்த ஓர் இடைவெளியில் பொருளே மாறிவிடுகிறது.

13. 'பற்றி', 'விட', 'கொண்டு' இதெல்லாம் வினையெச்சம் மாதிரியே இருக்கே?

வினையெச்சமாகத் தொடங்கியவைதான். 'கையைப் பற்றி இழுத்தான்' என்பதில் பற்றுதல் என்ற செயல் நடக்கிறது, வினையெச்சம். 'உன்னைப் பற்றிச் சொன்னான்' என்பதில் யாரும் யாரையும் பிடிக்கவில்லை. அங்கே அது வேற்றுமை உருபின் வேலையைச் செய்யும் சொல்லுருபு. 'வேலையை விட முடியாது', 'உன்னைவிட உயரம்' என்ற இணையும், 'பணம் கொண்டு வந்தான்', 'கத்தி கொண்டு அறுத்தான்' என்ற இணையும் இப்படியே. செயல் நடக்கிறதா என்று கேளுங்கள்.

14. உரிச்சொல் இன்னைக்கு யார் பேசறாங்க? பரீட்சைக்கு மட்டும்தானே?

நீங்களே பேசுகிறீர்கள். சால, உறு, தவ, நனி, கூர், கழி ஆகிய ஆறும் மிகுதி என்ற பொருளைத் தருபவை என்று நன்னூல் சொல்கிறது. 'சாலச் சிறந்தது' என்று மேடையில் கேட்கிறோம். அழைப்பிதழில் 'அன்புகூர்ந்து வருகை தாருங்கள்' என்று அச்சடிக்கிறோம், அன்பு மிகுந்து என்று பொருள். நன்றி சொல்லும்போது 'உறுதுணையாக இருந்தவர்கள்' என்கிறோம், மிகுந்த துணை. மாநகர், மாநாடு என்பவற்றில் உள்ள 'மா' பெருமையைக் குறிக்கும் உரிச்சொல்.

ஒரு பொருளுக்குப் பல உரிச்சொல் இருப்பதுபோலவே ஓர் உரிச்சொல்லுக்குப் பல பொருளும் உண்டு. 'கடி' அதற்குப் பேர்போனது: கடிநகர் என்றால் காவல் உள்ள நகர், கடிமலர் என்றால் மணமுள்ள மலர்.

15. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் - இதை எந்த வரிசையில தேடறது?

கடைசியிலிருந்து தேடுங்கள். தமிழ்த் தொடரில் பயனிலை பெரும்பாலும் முடிவில்தான் இருக்கும். 'அம்மா தோசை சுட்டார்.' முடிவது எதில்? சுட்டார், பயனிலை. சுட்டது யார்? அம்மா, எழுவாய். எதைச் சுட்டார்? தோசையை, செயப்படுபொருள்.

பயனிலை எப்போதும் வினையாக இருக்க வேண்டியதில்லை. 'என் அண்ணன் மருத்துவர்' என்பதில் மருத்துவர் என்ற பெயரே பயனிலை. 'உள்ளே இருப்பவர் யார்?' என்பதில் 'யார்' என்ற வினாவே பயனிலை. இங்கிலீஷில் இந்த இடத்தில் ஒரு 'இஸ்' இல்லாமல் தொடர் நிற்காது, தமிழில் அது தேவையே இல்லை. 'படித்தாயா?' போன்றவற்றில் எழுவாய் கண்ணுக்குத் தெரியாது. வினையின் விகுதியே 'நீ' என்று சொல்லிவிடுகிறது, அது தோன்றா எழுவாய்.

16. 'தோசை சுட்டார்'ல 'ஐ' இல்லையே, அப்புறம் எப்படி அது செயப்படுபொருள்?

அஃறிணையில் 'ஐ' மறைந்து நிற்கலாம். 'பால் குடித்தான்' என்றால் பொதுவாகப் பால். 'பாலைக் குடித்தான்' என்றால் நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பால். தமிழ் பேசுபவர்கள் இந்த நுட்பத்தை யாரும் சொல்லித் தராமலே சரியாகக் கையாள்கிறார்கள். உயர்திணையில் இந்தச் சலுகை இல்லை. 'பையனைப் பார்த்தேன்' என்றுதான் சொல்ல வேண்டும், 'பையன் பார்த்தேன்' என்றால் காதுக்கே பிடிக்காது.

17. 'எனக்குப் பசிக்கிறது' - இதுல எழுவாய் எது?

எல்லா வகுப்பிலும் சண்டை மூட்டும் தொடர் இது. 'நான்' என்று எழுதிவிடாதீர்கள். 'நான்' எழுவாய் என்றால் வினை 'பசிக்கிறேன்' என்று முடிந்திருக்கும். 'எனக்கு' என்பதில் நான்காம் வேற்றுமை உருபு இருக்கிறது, எழுவாய் உருபு ஏற்காது. வினை அஃறிணை ஒருமையில் முடிகிறது, ஆனால் அதற்குரிய பெயர் தொடரில் இல்லை. வடிவத்தை வைத்துச் சொன்னால், வெளிப்படையான எழுவாய் இல்லாத தொடர்.

'எனக்குத் தமிழ் தெரியும்' என்பதில் தமிழ்தான் எழுவாய் என்று சிலர் சொல்வார்கள். அதையே 'எனக்கு அவனைத் தெரியும்' என்று மாற்றிப் பாருங்கள். 'ஐ' வந்துவிட்டது, எழுவாயாக இருக்க வழியில்லை. பசி, வலி, விருப்பம், அறிவு இவையெல்லாம் நாம் முனைந்து செய்பவை அல்ல, நமக்கு நிகழ்பவை. எனவே தமிழ் அந்த ஆளை 'கு' போட்டு நிறுத்துகிறது: எனக்கு வலிக்கிறது, எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும். மொழியியலில் இந்த 'எனக்கு' எழுவாயின் சில வேலைகளைச் செய்கிறது என்று ஆராய்கிறார்கள். பள்ளித் தேர்வில் அவ்வளவு தூரம் போக வேண்டாம், 'எனக்கு' நான்காம் வேற்றுமை என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

18. 'புலி கொன்ற யானை' - யார் யாரைக் கொன்னது?

இரண்டும் சரி. புலியைக் கொன்ற யானை என்றும் விரிக்கலாம், புலியால் கொல்லப்பட்ட யானை என்றும் விரிக்கலாம். பதினாறாம் கேள்வியில் சொன்னதுபோல உருபு மறைந்ததால் வந்த மயக்கம் இது. இலக்கண உரைகளில் நெடுங்காலமாக வரும் எடுத்துக்காட்டு. செய்தியோ விண்ணப்பமோ எழுதும்போது இப்படி ஒரு தொடர் வந்தால் தயங்காமல் உருபை வெளியே போடுங்கள்.

19. 'மாடுகள் மேய்ந்தது' தப்பா? எல்லாரும் அப்படித்தானே பேசறோம்?

பேச்சில் வழக்கம், எழுத்தில் 'மாடுகள் மேய்ந்தன'. 'கள்' போட்டுப் பன்மையைக் காட்டிவிட்டால் வினையும் பன்மையில் முடிய வேண்டும். 'மாடு மேய்ந்தது', 'மாடு மேய்ந்தன' இரண்டும் சரி. 'கள்' இல்லாத அஃறிணைப் பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொது, வினை வந்துதான் எத்தனை என்று சொல்லும்.

'ஒவ்வொரு மாணவரும் வந்தனர்' என்பது தவறு, 'வந்தார்' என்பதே சரி. 'நீயும் அவனும்' என்றால் 'வந்தீர்கள்'. அதில் 'நானும்' சேர்ந்துவிட்டால் 'வந்தோம்'. உயர்திணையும் அஃறிணையும் கலந்து வந்தால் சிறப்பு, மிகுதி, இழிபு இவற்றில் ஒன்றைக் கருதி ஒரு முடிபு கொடுக்கலாம் என்கிறது நன்னூல். 'மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா' என்ற பழமொழியில் மூர்க்கனும் அஃறிணையில் முடிவது இழிபு பற்றி.

20. 'வந்துவிட்டான்' சேர்த்து எழுதணுமா, பிரிச்சு எழுதணுமா?

'விட்டான்' துணைவினையா முதல்வினையா என்று பாருங்கள். 'அப்பா வந்துவிட்டார்' என்பதில் வந்தது ஒன்றுதான் செயல், 'விட்டார்' அது நடந்து முடிந்ததைச் சொல்கிறது. சேர்த்து எழுதுங்கள். 'அப்பா பேருந்து நிலையம்வரை வந்து விட்டார்' என்றால் கூடவே வந்தார், கொண்டுபோய் விட்டார் என்று இரண்டு செயல் இருக்கலாம். அப்படியென்றால் பிரித்து எழுதுங்கள். 'எழுதிப் பார்' என்பதில் கண்ணால் பார்க்கும் வேலை இல்லை, முயன்று பார் என்று பொருள். பதிமூன்றாம் கேள்வியில் சொன்ன 'செயல் நடக்கிறதா' என்ற சோதனையே இங்கும் உதவும்.

21. 'இல்லை', 'அல்ல' - எதை எங்கே போடறது?

இருப்பை மறுத்தால் இல்லை: வீட்டில் யாரும் இல்லை. ஒன்று மற்றொன்றாக இருப்பதை மறுத்தால் அல்ல: இது தங்கம் அல்ல, பித்தளை. மரபிலக்கணப்படி அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல என்று பால் பார்த்து மாறும். இன்றைய எழுத்தில் 'அல்ல' எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. அதைப் பிழை என்று நான் திருத்துவதில்லை. தேர்வில் மட்டும் மரபுப்படி எழுதச் சொல்கிறேன்.

22. இவ்வளவும் தெரிஞ்சு அன்றாட வாழ்க்கையில என்ன பயன்?

க், ச், த், ப் என்ற ஒற்றெழுத்துகளை எங்கே போடுவது என்ற தீராத சந்தேகத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். 'நல்லப் பையன்', 'அழகானப் பெண்', 'படித்தப் புத்தகம்' என்று துண்டறிக்கைகளிலும் பெயர்ப்பலகைகளிலும் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. நல்ல, அழகான, படித்த மூன்றும் பெயரெச்சம். பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது, அதாவது இந்த ஒற்று வராது: நல்ல பையன், அழகான பெண், படித்த புத்தகம். 'எழுதாத கடிதம்' என்பதிலும் மிகாது. கடைசி 'த' கெட்டு 'எழுதா' என்று நின்றால் மட்டும் மிகும்: எழுதாக் கடிதம்.

வினையெச்சத்தில் கதை வேறு. 'அ' ஒலியிலும் 'இ' ஒலியிலும் முடிபவற்றுக்குப் பின் மிகும்: வரச் சொன்னான், ஓடிப் போனான், அழகாகப் பாடினாள். 'உ' ஒலியில் முடிந்தால் அதற்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். அது வல்லின மெய் என்றால் மிகும்: கேட்டுக் கொடுத்தான், படித்துப் பார்த்தாள். மெல்லினமோ இடையினமோ என்றால் மிகாது: வந்து போனான், செய்து பார்த்தாள். 'சிவப்புச் சேலை' என்பதில் 'ச்' வருவதற்குக் காரணம் ஆறாம் கேள்வியில் இருக்கிறது: சிவப்பு பெயர், பண்புப்பெயர் மற்றொரு பெயரோடு சேர்ந்து பண்புத்தொகை ஆகும்போது மிகும். 'சிறிய சேலை' என்றால் 'ச்' வேண்டாம்.

அடுத்த முறை சந்தேகம் வந்தால் ஒற்றைப் பற்றி யோசிப்பதற்கு முன், முன்னால் நிற்கும் சொல் பெயரா, பெயரெச்சமா, வினையெச்சமா என்று கேளுங்கள். 'அழகான' என்றால் ஒற்றை எடுங்கள், 'அழகாக' என்றால் போடுங்கள்.